பாட்டன் விட்டுச் சென்ற கோடரி

ஒரு தலைமுறை மறு தலைமுறைக்கு விட்டுச் செல்லும் பொருள்கள் இரு வகைப்படும். பங்கிடக் கூடியவை ஒரு வகை. பங்கிட இயலாதவை மற்றொரு வகை. நிலத்தை அளந்து பங்கிடலாம். பணத்தை எண்ணிப் பங்கிடலாம். நகையை நிறுத்துப் பங்கிடலாம். பாட்டனின் கையில் பல்லாண்டு உழைத்த ஒரு கோடரியை எவ்வாறு பங்கிடுவது? சந்தையில் அதற்கு விலை இல்லை. பழைய இரும்பு வாங்குவோர் எடைக்கு எடுத்துக்கொள்வர். ஆயினும் அதனை எடைக்குப் போட எவருக்கும் எளிதில் மனம் வருவதில்லை. பரணிலோ, மாட்டுக் கொட்டிலின் இறவாரத்திலோ செருகிய இடத்திலேயே அது கிடக்கிறது. துரு ஏறுகிறது, காம்பு உளுக்கிறது, வாய் மழுங்குகிறது.

பின்னர் ஒரு நாள் பேரன் ஒருவன் அதனைக் கையில் எடுக்கிறான். செப்பனிட்டு மீண்டும் தோட்டத்தில் பயன்படுத்தலாமே என்று எண்ணுகிறான். அப்பொழுதே அவன் முன் மூன்று கேள்விகள் எழுகின்றன. உளுத்த காம்பை எறிந்து புதுக் காம்பு போட்டால் அது பாட்டனின் கோடரியாகவே இருக்குமா? அதனைத் துடைத்துப் போற்றிப் பூட்டி வைப்பது சிறப்பா, வெயிலிலும் மழையிலும் எடுத்து உழைக்க விடுவது சிறப்பா? அக்கோடரி முன்னர் வீழ்த்தியவற்றிற்கு இன்று அதை வைத்திருப்பவன் எவ்வகையிலேனும் பொறுப்பாவானா? முதல் இரண்டும் பொருளைப் பற்றியவை. மூன்றாவது அறத்தைப் பற்றியது. கடல் கடந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இம்மூன்றும் ஒரு கோடரியோடு முடிந்துவிடும் கேள்விகள் அல்ல. ஆதலின், கோடரியால் உருவான ஒரு தீவை முன்னிறுத்தி இவற்றை எண்ணிப் பார்ப்போம்.

தீவும் கோடரியும்

அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படுகிறது. அதற்கு வடகிழக்கே ரிச்சி தீவுக்கூட்டத்தில் பெரிய தீவாக விளங்குவது ஹேவ்லாக். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒடுக்க முனைந்து, அவ்வாண்டிலேயே இலக்னோவில் இறந்த ஆங்கிலத் தளபதி ஹென்றி ஹேவ்லாக்கின் பெயரை அது நெடுங்காலம் தாங்கியிருந்தது. 2018 டிசம்பர் 30ஆம் நாள் அதற்குச் ‘சுவராஜ் தீவு’ என்று பெயரிட்டனர். ஆயினும் மக்கள் நாவில் பழைய பெயர் இன்னும் வழங்கி வருகிறது.

நாடு இரண்டாகப் பிரிந்த பின், கிழக்கு வங்காளத்தில் வீடு வாசலை இழந்து வந்த குடும்பங்களை 1949 முதல் அரசு அந்தமான் தீவுகளில் குடியேற்றத் தொடங்கியது. 1950களில் அவர்களுள் ஒரு பகுதியினர் ஹேவ்லாக்கிற்கு வந்து சேர்ந்தனர். கோவிந்த நகர், விஜய நகர், சியாம் நகர், கிருஷ்ண நகர், ராதா நகர் என அவர்கள் வாழும் ஊர்களின் பெயர்களைக் கேட்டாலே, அம்மக்கள் எத்தெய்வத்தை நெஞ்சில் ஏந்திக் கப்பலேறினர் என்பது விளங்கும். அவர்கள் ஆற்றுநீரும் வண்டல் மண்ணும் அறிந்த உழவர்கள். வந்திறங்கிய இடத்திலோ கடற்கரை வரை காடு. வானளாவிய படாக் மரம் ஒருபுறம். இரும்பென உறுதி வாய்ந்த கடல் மகுவா மற்றொருபுறம். நெல் விளைய வேண்டுமாயின் முதலில் மரம் வீழ வேண்டும். அவர்கள் கையில் ஏந்தியவை கோடரியும், ‘தாவ்’ என்னும் நீண்ட வெட்டுக்கத்தியும் ஆகும். சமநிலத்தில் நெல்லும், மேட்டு நிலத்தில் தென்னையும் கமுகும் வாழையும் தோன்றின. ராதா நகர்க் கடற்கரையை ஆசியாவின் தலைசிறந்த கடற்கரை என்று ‘டைம்’ இதழ் 2004இல் பாராட்டியது. அக்கடற்கரையைக் காணச் செல்வோர் வழியெங்கும் காணும் தோப்புகள், ஒரு காலத்தில் கோடரியின் ஓசையோடு பிறந்தவை.

அவர்கள் வருமுன் அது எவரும் அறியாத காடாக இருந்தது என்று கருதினால் அது முழு உண்மை ஆகாது. ரிச்சி தீவுக்கூட்டம், பெரிய அந்தமானியர் எனப்படும் தொல்குடியினருள் ஆகர்-பாலே என்னும் பிரிவினரின் வாழ்நிலம். 1858இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை நிறுவிய பின், வெளியுலக நோய்கள் அத்தொல்குடியினரிடையே புகுந்தன. 1877இல் பரவிய தட்டம்மை அவர்களுள் பலரைக் கொன்றது. வங்காளக் குடும்பங்கள் வந்திறங்கியபோது, ஆகர்-பாலே என்று தம்மைத் தனிக் குழுவாகச் சொல்லிக்கொள்ள அங்கே எவரும் இல்லை.

அம்மக்களிடமும் கோடரிக்கு உறவான ஒரு கருவி இருந்தது. அதனை நாம் வாய்ச்சி என்போம். மரத்தைக் குடைந்து தோணி செய்ய அது பயன்பட்டது. தொடக்கத்தில் அதன் வாய் கிளிஞ்சலால் ஆனது. பின்னர், உடைந்து கரை ஒதுங்கிய கப்பல்களிலிருந்து கிடைத்த இரும்பை எடுத்துக் கொண்டனர். இரும்பை உருக்கும் கலை அவர்களுக்குத் தெரியாது. கல்லின் மேல் வைத்துத் தட்டித் தட்டியே அதனை வாயாக்கினர். குடியேறியவர்களின் கோடரிக்கு இன்று வாரிசு உண்டு. அந்த வாய்ச்சிக்கு அத்தீவில் வாரிசு இல்லை. இவ்வேறுபாட்டை மறந்துவிட்டுப் பாட்டன் கோடரியைப் பற்றிப் பேசினால், அப்பேச்சு பாதியில் நின்ற பேச்சே ஆகும்.

காம்பு மாறினால் கோடரி மாறுமா?

இனி, முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கிரேக்க நாட்டிலும் இத்தகைய கேள்வி எழுந்தது. தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்சு மக்கள் போற்றிக் காத்தனர். உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் புதுப் பலகைகளைப் பொருத்தி வந்தனர். அது பழைய கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதிட்டனர் என்பதைப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். நம் ஊர்த் தேரும் அத்தகையதே. சக்கரம் மாறுகிறது, அச்சு மாறுகிறது, மரச் சிற்பங்கள் மாறுகின்றன. எனினும் வடம் பிடிக்கும் ஊரார் எவரும், ‘இது பழைய தேரா?’ என்று ஐயுற்று வடத்தை விடுவதில்லை.

ஒரு பொருளின் எல்லாப் பகுதிகளையும் சமமாக மதிப்பதால் வரும் மயக்கமே இக்கேள்வி. கோடரியின் கண்ணை உற்று நோக்கினால் இம்மயக்கம் தெளியும். காம்பு நுழையும் அத்துளை ஒருபுறம் சற்று அகன்றும் மறுபுறம் சற்று ஒடுங்கியும் இருக்கும். நாட்டுக் கோடரி பலவற்றில், காம்பை அகன்ற பக்கத்திலிருந்து நுழைத்தால் வீசும் வேகத்தாலேயே அது இறுகும். வேறு வகைக் கோடரிகளில், நுழைத்த காம்பின் தலையில் ஆப்பு அடிப்பர்; மரம் விரிந்து இரும்பைப் பற்றிக்கொள்ளும். எவ்வகையாயினும், உளுத்த காம்பைத் தட்டி வெளியேற்ற வழி உண்டு. அதாவது, கோடரியைச் செய்த கொல்லனே, ‘காம்பு அழியும், பின்வருபவன் புதிது போடுவான்’ என்று அறிந்துதான் கண்ணைத் திறந்து வைத்தான். ஆகவே காம்பை மாற்றுவது பாட்டனுக்குச் செய்யும் துரோகம் அன்று. அது பேரன் செலுத்த வேண்டிய பங்கு. இரும்பு வாங்கிக் கொள்வது. காம்பு நாம் கொடுப்பது.

அந்தப் பங்கினையும் பொறுப்போடு செலுத்த வேண்டும். காம்புக்குரிய கட்டையைக் கணு இல்லாததாகத் தேர்ந்து, இழை ஓடும் வழியே பிளந்து செதுக்க வேண்டும். இழை குறுக்கே ஓடினால் ஓங்கிய கையிலேயே காம்பு முறியும். தமிழகத்தில் கருவேலமும் புளியும் இவ்வேலைக்குப் பெயர் பெற்றவை. எந்த மரமாயினும் நிழலில் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் பின்னர்ச் சுருங்கும், தலை தளரும். தளர்ந்த தலை காம்பை விட்டுப் பறந்தால் அருகில் நிற்பவரின் உயிருக்கே தீங்கு. தளர்ந்த கோடரியை நீரில் ஊற வைத்து இறுக்குவோர் உண்டு. ஊறிய மரம் அன்றைக்கு இறுகியது போல் தோன்றும். காய்ந்த பின் முன்னிலும் தளரும். அது ஒரு நாள் பொய். தளர்ந்ததைச் சரிசெய்ய மீண்டும் ஆப்பு அடிப்பதே நேரிய வழி.

மாற்றத் தகாத பகுதி ஒன்றும் கோடரியில் உண்டு. அது வாயின் பதம். பழைய கொல்லர் பலர் கோடரியின் உடலை மெல்லிரும்பால் செய்து, வாய்க்கு மட்டும் எஃகு வைத்து இணைத்தனர். அந்த எஃகைக் காய்ச்சி, நீரில் தோய்த்து, மீண்டும் மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தினர். இன்று மின்சாரச் சாணையில் அதனை அவசரமாகப் பிடிப்போர் பலர். பொறி பறக்கும், வாய் பளபளக்கும். ஆனால் சூடு ஏறத்தாழ 300 பாகை செல்சியசை எட்டும்போது எஃகில் நீலம் பாய்கிறது. நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போயிற்று. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிலைக்காது. மீண்டும் உலையில் இட்டுப் பதமேற்றினாலன்றி இழந்தது திரும்பாது. அரமும், நீர் தெளித்துத் தீட்டும் கல்லும், இரண்டு மாலைப் பொழுதின் பொறுமையும் இருந்தால் இக்கேடு நேராது.

துருவிலும் இத்தகைய ஒரு நுட்பம் உண்டு. அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. உப்புக் காற்றோ ஓய்வதில்லை. அங்கே இரும்பைத் தின்பது செந்துரு. ஆனால் பழைய இரும்பின் மேல் கரும்படலம் ஒன்றும் படிந்திருக்கும். செந்துரு உதிர்ந்து பரவுவது. கரும்படலம் ஒட்டி நின்று காப்பது. மண்ணெண்ணெயில் ஊற வைத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் செந்துரு பெரும்பாலும் நீங்கும். நீங்காத இடத்தில் காடி உதவும். காடியில் அளவுக்கு மேல் ஊறினால் நல்ல இரும்பும் அரிக்கப்படும். உப்புத்தாளை எடுத்து எல்லாவற்றையும் தேய்த்து வெள்ளி போலாக்குபவன், பகையோடு காவலனையும் துரத்துகிறான். முதுமை எல்லாம் துரு அன்று. எது துரு, எது காப்பு என்று பகுத்தறிவதே செப்பனிடும் கலையின் தொடக்கம்.

கடல் கடந்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் இவ்வேறுபாட்டைத் தம் வாழ்வில் நாளும் காண்கின்றன. வீடு மாறுகிறது; உடை மாறுகிறது; தொழில் மாறுகிறது; ஊருக்கேற்ப உணவும் மாறுகிறது. இவையெல்லாம் காம்பு. இவற்றை மாற்றியதற்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. வருந்த வேண்டியது பதம் போனால்தான். பிள்ளைகள் வீட்டில் தமிழில் பேசிச் சண்டையிட்டு, தமிழில் கதை கேட்டு, தமிழில் ஐயம் எழுப்பி வளர்வார்களானால் பதம் காக்கப்படுகிறது. ஆண்டு விழா மேடையில் மட்டும் மனப்பாடமாக ஒப்பிக்கப்படும் தமிழ், நீலம் பாய்ந்த வாயைப் போன்றது. அது மின்னும்; வெட்டாது.

பூட்டி வைப்பதா, உழைக்க விடுவதா?

இரண்டாவது கேள்விக்கு நம் பழைய இலக்கியத்தில் ஓர் அரிய சான்று உள்ளது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அங்கே படைக்கருவிகள் நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, மாலை அணிந்து அழகாக நின்றன. ஔவையார் அவற்றின் அழகைப் பாராட்டுவது போல் பேசி, அதியமானின் கருவிகளோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95ஆம் பாடல் இச்செய்தியைத் தருகிறது. எந்தக் கருவி பெருமையுடையது என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. முறிந்து பட்டறைக்குச் செல்லும் கருவியே உயிருள்ள கருவி.

அச்செய்தி போர்க்கருவியைப் பற்றியது. உழைப்புக் கருவிக்கு நம் மக்கள் வகுத்த நெறியோ ஆயுத பூசையில் விளங்குகிறது. ஆண்டுக்கு ஒரு நாள் அரிவாளும் கோடரியும் மண்வெட்டியும் கழுவப்பட்டு, சந்தனமும் குங்குமமும் பெற்று ஓய்வு கொள்கின்றன. மறுநாள் அவை மீண்டும் தொழிலுக்குத் திரும்புகின்றன. போற்றுதலுக்கு ஒரு நாள். உழைப்புக்கு ஏனைய நாள்கள். அந்த ஒரு நாளை ஆண்டு முழுவதும் நீட்டிக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தால், அது கருவிக்குச் செய்யும் மரியாதை போலத் தோன்றினாலும், உண்மையில் அதற்கு விதிக்கும் சிறையே ஆகும்.

இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்றையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். பொருநைக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது, முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகள் பல கிடைத்தன. இறந்தவரோடு கருவியையும் புதைத்துவிடும் வழக்கம் அது. கையோடு கருவியும் போகட்டும் என்று அவர்கள் எண்ணினர் போலும். அவ்வாறு புதைத்திருந்தால் கோடரியின் கதையும் மண்ணோடு போயிருக்கும். பேரன் அதனைப் புதைக்கவில்லை, எடுத்துக் கொண்டான். எடுத்துக் கொண்டவன் இரும்பை மட்டும் எடுத்துக் கொள்ள இயலுமா? அங்கேதான் மூன்றாவது கேள்வி பிறக்கிறது.

காம்பின் குற்றம் யாருடையது?

‘கோடரிக்காம்பு குலத்துக்கு ஈனம்’ என்பது நம் பழமொழி. காட்டில் பிறந்த மரமே காம்பாகிக் காட்டை அழிப்பதால் அதற்கு இப்பழி. தன் இனத்தைக் காட்டிக் கொடுப்பவனைச் சுட்ட இதனை நாம் பயன்படுத்துகிறோம். சற்று நின்று எண்ணினால் இப்பழமொழி காம்புக்கு நீதி செய்யவில்லை என்பது புலனாகும். காம்பு தானாக வரவில்லை. அதுவும் வெட்டப்பட்டதே. வேரிலிருந்து பிரிக்கப்பட்டு, பட்டை உரிக்கப்பட்டு, பிறர் கைக்கேற்பச் செதுக்கப்பட்ட பின்னரே அது காம்பாயிற்று. முதலில் வீழ்ந்த மரம் காம்பு.

ஹேவ்லாக்கிற்கு வந்த குடும்பங்களின் நிலையும் இதுவே. அவர்கள் தம் மண்ணிலிருந்து வெட்டப்பட்டவர்கள். எங்கே செல்வது என்பதை அவர்கள் தாமே தேர்ந்து கொண்டதாகச் சொல்வதற்கில்லை. தீவைத் திருத்த வேண்டும் என்பது அரசின் திட்டம். மரம் வேண்டும் என்பது 1883இல் சாத்தம் தீவில் மர அறுவை ஆலையை நிறுவிய காலம் தொட்டு வந்த ஆட்சியின் வேட்கை. அத்திட்டமும் வேட்கையும் இரும்பாயின. வீடிழந்த உழவர்கள் காம்பாயினர்.

தமிழராகிய நாம் இதனைத் தொலைவில் நின்று பார்த்துச் செல்ல இயலாது. இலங்கை மலையகத்தில் காப்பிக்காகவும், 1867இல் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைக்காகவும் மலைக்காடுகள் தோட்டங்களாயின. மலாயாவில் ரப்பருக்காகக் காடுகள் தோட்டங்களாயின. அக்கதைகள் எல்லாவற்றிலும் தமிழரின் கைகள் உண்டு. 1964ஆம் ஆண்டுச் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின் பின் தாயகம் திரும்பிய மலையகத் தமிழருள் சில குடும்பங்கள், நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டன. ஒரு தீவில் பிறர் தோட்டத்திற்காக உழைத்து, அங்கே குடியுரிமை மறுக்கப்பட்டு, நிக்கோபாரியர் வாழும் மற்றொரு தீவில் மீண்டும் தோட்டத் தொழிலாளராயினர். கட்டளை எப்போதும் பிறருடையது, கை நம்முடையது. கவ்வாத்துக் கத்தியையோ பால்வெட்டும் கத்தியையோ நினைவுப் பொருளாக வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அவ்வீடுகளுக்கும் இக்கேள்வி உரியது.

‘வயிற்றுக்கு இல்லாதவன் மரத்தை வெட்டினான், அதற்கு அவன் பேரனைக் கேள்வி கேட்பது கொடுமை’ என்பர் சிலர். இது நியாயமான தடை. இதற்கு விடை காண வேண்டுமாயின் குற்றம் வேறு, கடன் வேறு என்பதை முதலில் உணர வேண்டும். குற்றம் செய்தவனோடு நிற்பது. அது பேரனுக்கு இறங்காது. பசிக்காக நிலம் திருத்திய பாட்டனையும் குற்றவாளி என்பது எனக்கு உடன்பாடு அன்று. கடன் அத்தகையது அன்று. அது பொருளோடு சேர்ந்து இறங்குவது. தோப்பின் தேங்காயை உண்பவன், அத்தோப்பு எதன் இடத்தில் நிற்கிறது என்னும் கணக்கையும் பெறுகிறான்.

தந்தையின் சொத்துக்கு உரிய மகன் தந்தையின் கடனுக்கும் உரியவன் என்பது நம் நாட்டுப் பழைய நெறி. தந்தையின் கடனை அடைப்பது மகனின் புனிதக் கடமை என்றே இந்துச் சட்டம் நெடுங்காலம் கொண்டிருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்திற்கு 2005இல் வந்த திருத்தம், அக்கடமையை மட்டும் காரணம் காட்டி மகன் மீதோ பேரன் மீதோ வழக்காட இயலாதவாறு செய்தது. சட்டம் அவ்வாறு விடுவித்தது நன்றே. ஏழை மக்கள் பலருக்கு அது காப்பு. ஆயினும் நீதிமன்றம் கேளாத கடன்களும் உலகில் உண்டு. காட்டுக்கும், பேச ஆளின்றிப் போன ஒரு தொல்குடிக்கும் உரிய கடனை வசூலிக்க எவரும் வாயிலில் வந்து நிற்பதில்லை. கேட்க ஆள் இல்லாத கடனை ஒருவன் என்ன செய்கிறான் என்பதில்தான் அவன் அறம் வெளிப்படுகிறது.

இனி அது எதை வெட்டும்?

கடனை எவ்வாறு செலுத்துவது? கோடரியைக் கடலில் எறிவதனால் அன்று. எறிந்தால் கணக்கை மறைத்தவனாவோம். முன்போல் காட்டை வெட்டுவதனாலும் அன்று. அக்கோடரி இனி எதை வெட்டும், எதை வெட்டாது என்பதைப் புதிதாக முடிவு செய்வதே வழி.

அந்தமான் தீவுகளில் சட்டமே இத்திசையில் ஓர் அடி எடுத்து வைத்தது. சேகர் சிங் குழுவின் அறிக்கையை ஏற்று, 2002 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீவுகளின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தீவு மக்களின் நேரிய தேவைக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அதனால் மரத்தொழிலில் இருந்த பலருக்கு வேலை போயிற்று. மரம் இழுத்த யானைகளுக்கும் வேலை இல்லாமற் போயிற்று. அவற்றுள் ராசன் என்னும் யானையின் பெயரை ஹேவ்லாக்கிற்குச் சென்று வந்தோர் பலர் அறிவர். வெட்டுமரம் இழுப்பதற்காக அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த யானை, தீவுக்குத் தீவு கடலில் நீந்திச் செல்லப் பழகியிருந்தது. மரவேலை நின்ற பின் ஹேவ்லாக்கில் வாழ்ந்து, அங்கே கடலில் நீந்தி, 2016இல் இறந்தது. மரம் இழுக்கக் கற்ற நீச்சல், மரம் இழுக்கும் தொழில் நின்ற பின்னும் அதனிடம் இருந்தது. பயின்ற திறன் ஒன்று, அதனைப் பயிற்றிய நோக்கம் நீங்கிய பின்னும் வாழ இயலும் என்பதற்கு அது சான்று.

கோடரியின் கூர்மையும் அவ்வாறே. தோட்டத்தில் சாய்ந்த கமுகை வெட்டி அகற்ற அது வேண்டும். அடுப்புக்குக் காய்ந்த தென்னை மட்டையும் விறகும் பிளக்க வேண்டும். வேலிக்கு முளை சீவ வேண்டும். 2013 நவம்பரில் ‘லெகர்’ புயல் அந்தமானைத் தாக்கியபோது மரங்கள் சாய்ந்தன. அத்தகைய நாளில் வழியை மறித்துக் கிடக்கும் மரத்தை அகற்றி, அண்டை வீட்டாரை வெளிக்கொணரவும் ஒரு நல்ல கோடரி வேண்டும். நிற்கும் மரத்தை வீழ்த்தப் பழகிய இரும்பு, வீழ்ந்த மரத்தை அகற்றி வழி திறக்கப் பயன்படட்டும். இரும்பு அதுவே, கூர் அதுவே, அதனை ஓங்கும் நோக்கம் பேரனுடையது. காட்டின் எல்லையில் அக்கோடரி நிற்குமாயின், கடனில் ஒரு தவணை செலுத்தப்பட்டதாகக் கொள்ளலாம். வெட்டிய இடத்தில் ஒரு படாக் கன்றை நட்டு வளர்த்தால் மற்றொரு தவணை.

மூன்றாவது தவணை ஒன்று உண்டு. அது கதையை முழுமையாகச் சொல்வது. ‘உன் கொள்ளுப்பாட்டன் காட்டை வென்றான்’ என்று மட்டும் சொன்னால் பிள்ளை கர்வம் கொள்வான். ‘காட்டை அழித்தான்’ என்று மட்டும் சொன்னால் வெட்கம் கொள்வான். இரண்டும் அரை உண்மைகள். வேரோடு பெயர்க்கப்பட்டு வந்தான், பிறர் திட்டத்திற்குக் காம்பானான், பசியோடு உழைத்தான், அவன் உழைத்த நிலத்தில் அவனுக்கு முன்பும் மனிதர் வாழ்ந்தனர், அவர்களுக்கும் ஒரு வாய்ச்சி இருந்தது என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். முழுக் கதையையும் கேட்டு வளரும் பிள்ளை, எங்கே ஓங்க வேண்டும், எங்கே தாழ்த்த வேண்டும் என்பதைத் தானே அறிந்து கொள்வான்.

செப்பனிட்ட கோடரியைத் துடைத்து, வாயிலும் காம்பிலும் மெல்ல எண்ணெய் பூசி வைப்பது வழக்கம். தேங்காய் எண்ணெயே போதும். மழைக்காலத்தில் அடிக்கடி பூச வேண்டும்; மறந்தால் துரு மீண்டும் வரும். ஒரு முறை செப்பனிட்டு முடித்துவிட்டோம் என்று சொல்லத்தக்க வேலை அன்று அது. முன்னோர் விட்டுச் சென்றது எதுவாயினும், அது கோடரியாயினும் மொழியாயினும் கடனாயினும், அதனைப் பேணும் வேலையும் அவ்வாறே நாளும் தொடர்வது. இன்று நாம் போட்ட காம்பும் ஒரு நாள் உளுக்கும். அன்று அதனைத் தட்டி எடுத்துப் புதிது போடுபவன், கண்ணும் வாயும் பழுதின்றி, கணக்கும் மறைவின்றித் தன் கைக்கு வந்தன என்று காண்பானாயின், நம் பங்கு நிறைவேறியது எனலாம்.